ஃபோர்மேனின் பத்தாவது நகம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் சுகந்தானே? அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? என் வணக்கத்தைச் சொல்.

அடுத்த முறை வீடியோவில் என் கையைப் பார்த்துப் பதறாதே. அடி எதுவும் படவில்லை. அது சிவப்பு நெயில் பாலிஷ்!

எங்கள் வெல்டிங் பட்டறை ஃபோர்மேன் எண்ணெயில் போட்ட கடுகாக வெடிப்பார் என்று எழுதியிருந்தேனே, அவருடைய மகள் போன வருடம் புற்றுநோயில் இறந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பொழுது போகாதபோது அப்பாவின் நகங்களுக்குத்தான் பாலிஷ் பூசுவாளாம். நேற்று அவள் பிறந்தநாள். சாப்பாட்டு நேரத்தில் மனுஷர் இரண்டு கையையும் மேசைமேல் விரித்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் ஒரு டப்பா.

"குழந்தைங்களுக்கு வர்ற புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் போடுங்க, ஒரு நகம் பூசுங்க. விரல்ல பட்டுச்சு, திட்டு விழும்!"

அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆளே இங்கே கிடையாது. ஆனாலும் பட்டறையே வரிசையில் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசினோம். என் முறை வந்தபோது இடது கட்டைவிரல்தான் மிச்சம். தொட்டேன், கையை இழுத்துக்கொண்டார்.

"அது புக் ஆயிடுச்சுப்பா. என் பொண்ணோடது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்ன மனுஷர்! பின்னால் நின்றவர்கள் நகம் தீர்ந்துபோச்சே என்று முனக, நான் என் கையை நீட்டினேன்.

பாப்பாவின் கையைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. வளையல் வாங்க அளவு வேண்டும்.

ஷிப்ட் மணி அடிக்கிறது. என் இடது கட்டைவிரலையும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை. புக் ஆயிடுச்சு என்று பாப்பாவிடம் சொல்.

பாப்பாவின் அப்பா