சுண்ணாம்பு வைத்தது நான்தான்

பூவரசங்குளம்,
ஞாயிற்றுக்கிழமை.

குவைத்தில் இருக்கும் தங்கச்சி ராஜினிக்கு,

உன் அண்ணன் யோகநாதன் கடிதம் எழுதப் பேனை பிடித்திருக்கிறேன். நானும் உன் மச்சாள் கௌசலாவும் உன் மகள் யதுர்ஷிகாவும் சுகம். நீயும் அங்கே சுகமாயிருக்க வேண்டும். லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பி வரும் ஜெயரூபியிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். போனில் சொல்ல எனக்கு வாய் வராத விஷயம்.

இந்த முறை வயல் அமோகம். இப்படியொரு விளைச்சலை அரசாங்கமே கண்டதில்லை. விவசாயக் கந்தோர் அதிகாரிகள் மூன்று ஜீப்பில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு மோட்டார் சைக்கிள்தான் வந்தது என்று கௌசலா சொல்லுவாள், நம்பாதே.

மகள் இரண்டு மாதமாக வீடியோவில் முகம் காட்டுவதில்லை, விட்டுவிட்டுப் போன அம்மா வேண்டாமென்று நினைத்துவிட்டாளோ என்று ஜெயரூபிக்குப் போன் எடுத்து அழுதாயாம். விசரி, அப்படி ஒன்றுமில்லை. பிள்ளைக்கு முகம் நிறையப் பரு. பதினேழு வயதில் வராமல் என்ன செய்யும்?

முள் எடுப்பதில் என்னை மிஞ்ச வன்னியிலே ஆளில்லை என்பது உனக்குத் தெரியும். புளியங்குளத்திலிருந்து ட்ராக்டர் பிடித்து வந்து என் முன்னால் காலை நீட்டியவர்கள் உண்டு. சீழ் வைத்த பருவும் முள்ளும் ஒன்றுதானே என்று நினைத்தேன். தேசிக்காய் மரத்து முள்ளை நெருப்பில் காட்டி, அவளுடைய வலது கன்னத்தில் மூன்றைக் குத்தி எடுத்தேன். வீக்கம் வற்றட்டும் என்று வெற்றிலைச் சுண்ணாம்பும் தொட்டு வைத்தேன். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். புண் ஆறியபோது மூன்று இடத்திலும் பள்ளம்.

வவுனியாவில் தோல் டொக்டர் அம்மாவிடம் கூட்டிப் போனேன். என் விளக்கத்தைக் கேட்டுவிட்டு, எந்தக் கம்பஸில் டொக்டருக்குப் படித்தீர்கள் என்று அவா கேட்டா. பிறகு சொன்னா: “ஐயா, பரு வாற நேரத்திலதான் தழும்பைத் தடுக்கலாம். இனி உங்கட கை இந்தப் பிள்ளையின்ர முகத்தில படக்கூடாது.” விழுந்த பள்ளத்துக்குப் பரு எல்லாம் அடங்கிய பிறகு வைத்தியம் இருக்காம். முழுதாக மறையும் என்று அவா சொல்லவில்லை. புதிதாக ஒன்றும் விழாமல் காப்பதுதான் இப்போதைய வேலை.

அந்த வேலையை நான் எடுத்துவிட்டேன். வயலில் யானைக்குக் காவல் இருப்பது போல இருக்கிறேன். கிள்ளக்கூடாது, நசுக்கக்கூடாது என்பதால் நகத்தை ஒட்ட வெட்ட வைத்தேன். காலையும் மாலையும் டொக்டர் எழுதிய சோப்பால், தேய்க்காமல் கழுவுகிறாள். படுக்கப் போகுமுன் மருந்து, ஒரு பயறளவு எடுத்து முகம் முழுவதும் மெல்லிதாக. முதல் மூன்று கிழமை தோல் சிவந்து உரிந்தது, விட்டுவிடுவோம் மாமா என்றாள். அப்படித்தான் தொடங்கும் என்று டொக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தா, ஆகவே நான் விடவில்லை. வெயில் பட்டால் பரு வந்த இடம் கறுக்குமாம். ரியூசனுக்குச் சைக்கிள் எடுத்தால் வெயில் கிறீமும் தொப்பியும் கட்டாயம். முகத்தில் பூசவென்று தேசிக்காய்ப் புளி விட்டு மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு நாகேஸ்வரியைப் படலையிலேயே திருப்பி அனுப்பினேன். இப்போது புதுப் பரு குறைவு. புதுப் பள்ளம் ஒன்றுகூட இல்லை. பரு விஷயத்தில் முழு மாவட்டமும் என்னிடம்தான் ஆலோசனை கேட்கிறது.

நேற்று அவளிடம் கேட்டேன், ஏன் அம்மாவுக்கு முகம் காட்டுகிறாய் இல்லை, வெட்கமா என்று. புத்தகத்திலிருந்து தலை எடுக்காமல் சொன்னாள்: “எனக்கென்ன வெக்கம்? பள்ளத்தைக் கண்டா ஆர் செய்தது எண்டு அம்மா கேப்பா. பிறகு உங்களோட கதைக்க மாட்டா.”

ராஜினி, அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். இந்தக் கடிதத்தில் நான் கூட்டிச் சொன்னதை எல்லாம் நீயே கழித்துக்கொள். இதை மட்டும் கழிக்காதே. குத்தியது நான், சுண்ணாம்பு வைத்தது நான். என்னைக் காப்பாற்றத்தான் உன் பிள்ளை தன் முகத்தை உனக்கு மறைத்தாள்.

இது கிடைத்ததும் முதலில் எனக்குப் போன் எடுத்து, மனம் ஆறும் வரை ஏசு. பிறகு பிள்ளைக்கு எடு. மாமாவுக்கு ஏசியாயிற்று, நாளைக்கும் அவரோடு கதைப்பேன் என்று அவளுக்குச் சொல்லு. சொன்னால் கமராவைப் போடுவாள். அந்த முகத்தை ஆசை தீரப் பார்.

பிள்ளையார் உன்னை நோய் நொடியில்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் ஏச்சுக்குக் காத்திருக்கும் அண்ணன்,
யோகநாதன்