ஆடியில் பிரித்த முயல் ஜோடி

திண்டிவனம்
25-7-1964

அன்பு மகன் வேங்கடேசனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் பெண்டாட்டி காந்திமதி மூவரும் சுகம். பிலாய் உருக்காலையில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்கத் திருவாமாத்தூர் ஈசுவரன் துணை. மல்லாட்டை விதைத்தாயிற்று, மழைதான் போக்குக் காட்டுகிறது. உன் அப்பா செய்த கூத்தைக் கேள். காந்திமதிக்குத் துணையாக இருக்கட்டும் என்று நீ வாங்கிக் கொடுத்த முயல் ஜோடியை ஆடி பிறந்ததும் பிரித்துவிட்டார். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் குட்டி போட்டுக் கஷ்டப்படுமாம். ஆண் முயலைக் கூடையில் வைத்து விழுப்புரத்தில் உன் அத்தை கெங்கம்மாள் வீட்டில் விட்டு வந்தார். முயலுக்குச் சினை ஒரே மாதம்தான் என்று மாட்டு டாக்டர் சிரித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

பெண் முயல் பாவம், மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. முருங்கைக்கீரை, அறுகம்புல் எதையும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. காந்திமதி பக்கத்திலேயே இருந்து தடவிக் கொடுத்தாள். வீட்டில் இத்தனை பேர் இருக்கிறோமே, இதற்கு என்ன குறை என்று கேட்டேன். "நாம எத்தினி பேரு இருந்தா என்னா அத்தை, ஒட்டிக்கினு குந்த அதோட ஜோடி இல்லியே" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாளே அப்பாவை விழுப்புரத்துக்கு விரட்டினேன். ஆண் முயலைக் கொண்டுவந்து விட்டதும் இரண்டும் மாறி மாறி முகர்ந்தன, பிறகு ஆண் முயல் இதன் காதை நக்கிக்கொண்டே கிடந்தது. சாயங்காலம் பெண் முயல் கீரை தின்றது. காந்திமதி சிரித்தாள், அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று தெரியுமா.

தம்பி, புதுசாய்க் கல்யாணமானவர்களை ஆடிக்கு ஒரு மாதம்தான் பிரித்து வைப்பார்கள். இவளை நாம் ஒன்றரை வருஷமாகப் பிரித்து வைத்திருக்கிறோம். குவார்ட்டர்ஸ் கிடைக்கட்டும் என்று நீ எழுதுகிறாய், நாங்களும் தலையாட்டுகிறோம். குவார்ட்டர்ஸ் வரும்போது வரட்டும், சமைக்க ஒரு மூலை உள்ள ரூமாக வாடகைக்குப் பார். ஆடி கழியட்டும் என்று அப்பா இழுத்தார். ஆடி பார்த்து முயலைப் படுத்தியது போதும் என்றேன், டிக்கெட் எடுத்துவிட்டார். அவர்தான் கூட்டி வருகிறார், வண்டி அங்கே வந்து சேரும் நேரம் தந்தியில் வரும், ஸ்டேஷனுக்கு வந்து நில். முயல்களை நான் பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. இருவரும் ஒற்றுமையாக, நிறைந்த ஆயுசோடு இருங்கள். காந்திமதி நேற்றிலிருந்து துணி மூட்டையைக் கட்டுகிறாள், அவிழ்க்கிறாள், திரும்பக் கட்டுகிறாள். இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி மட்டும் எழுதிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
தையல்நாயகி