பதினஞ்சு வருச ரிப்பனும் ஜெபாவின் தட்டும்

27-2-95, திங்கள்

காலையிலயே வெயில் சுள்ளுனு அடிக்குது. மாசி முடியல, அதுக்குள்ள இப்படி. தண்ணி ரெண்டு குடம் புடிச்சதும் நின்னுபோச்சு.

அதெல்லாம் போகட்டும். சாயங்காலம் கம்பெனி விட்டு வந்தா பிரிவு ஆபீசுல இருந்து ஆள். என் பேரு வந்திருச்சு! முதலுதவிப் படையில பதினஞ்சு வருசம் முழுசா. வர்ற ஞாயிறு அணிவகுப்புல ரிப்பன். பச்சை, நடுவுல ரெண்டு வெள்ளைக் கோடு. சட்டையில அஞ்சு வருசத்துது, பத்து வருசத்துது ரெண்டுக்கும் பக்கத்துல இடம் விட்டே வெச்சிருக்கேன்.

ஊட்டுக்காரர்கிட்ட சொன்னேன். பேப்பர்ல இருந்து தலையத் தூக்காம, "விரல் நீளத் துணிக்கு இத்தன குதியா அம்மிணி?"ங்கறார். மஞ்சள் மண்டிக் கணக்குப் பார்க்கற மனுசனுக்கு வேற என்ன தெரியும்.

ஆனா அவராலதான் இந்த அவசரமே. ஈரோட்டு மண்டிக்கு மாத்தியாச்சு, ஏப்ரல்ல குடி போறோம். இந்த ஞாயிறு விட்டா ரிப்பன் தபால்லதான் வரும். நான் பழக்கற படைப் புள்ளைங்க முன்னாடி நின்னு வாங்கோணும். தபால்காரர் கையில வாங்கறதுக்கா பதினஞ்சு வருசம் வெயில்ல நின்னேன்?

செய்ய வேண்டியது: சட்டைக்குக் கஞ்சி. கேன்வாஸ் ஷூவுக்கு வெள்ளை. தொப்பி பேட்ஜ் தேய்க்க. விசில் கயிறு துவைக்க. இட்லி மாவு (மறக்காம).

1-3, புதன்

பள்ளிக்கூட மைதானத்துல ஒத்திகை. தூக்கம் சரியில்லை, சந்தோசத்துலதான்.

ஜெபாவ நெனச்சாச் சிரிப்பு. எட்டாவது படிக்கறா, கிறிஸ்துமஸுக்கு முன்னாடி சேர்ந்தவ. படையில எல்லா ஊருப் பிரிவுக்கும் ஒரே வழக்கம்: யாருக்கு ரிப்பன் குடுத்தாலும் அந்தப் பிரிவுல கடைசியா சேர்ந்தவங்கதான் தட்டுல வெச்சுக் கொண்டு வரோணும். அதனால என் ரிப்பன் தட்டு ஜெபா கையில. போதாததுக்கு, ரிப்பன் குடுத்து முடிஞ்சதும் எங்க செயல்விளக்கம், அதுலயும் மயங்கி விழற நோயாளி அவளேதான். வேற யாரும் அவ்வளவு ஆசையா விழ மாட்டேங்கறாங்க.

விழறான்னா அப்படி விழறா. நெத்தியில புறங்கை வெச்சு, ஒரு சுத்து சுத்தி, "அம்மா"ன்னு. சினிமாவாட்டம் இருக்குது. ஸ்ட்ரெச்சர் குழுவுக்குத் தலைவி சுமதி, பிளஸ் டூ, நல்ல பொறுப்பு. ஆனா அவ குழுவுக்குப் பொறுமை இல்லை. ஜெபா ரெண்டு எட்டு வெச்சதுமே ஓடி வந்து புடிச்சுக்கறாங்க. விழறதுக்கு முன்னாடியே காப்பாத்தறாங்க!

கோவத்துல கண்டிப்பா சொல்லிப்போட்டேன்: "என் விசில் கேக்காம ஒருத்தி கால எடுக்கக் கூடாது. அவ விழுந்து உருண்டாலும் சரி."

அப்புறம் சரியா வந்துச்சு. விசில், ஓட்டம், காலைத் தூக்கி வெக்கறது, பெல்ட்டத் தளர்த்தறது, ஸ்ட்ரெச்சர். அருமை.

3-3, வெள்ளி

ஜெபாவத் தனியா உக்கார வெச்சு சொல்லிக் குடுத்தேன். நெசமா மயக்கம் வர்றவ கத்த மாட்டா கண்ணு. கொட்டாவி வரும். ஒதடு வெளுக்கும். மேலுதட்டுல வேர்க்கும். முட்டி மடங்கும், அவ்வளவுதான். அவ கேட்டுட்டு, "கொட்டாவியெல்லாம் தூரத்துல இருக்கறவங்களுக்குத் தெரியாதுங்கக்கா, கை தட்ட மாட்டாங்க"ங்கறா.

சட்டைக்குக் கஞ்சி போட்டாச்சு. அட்டையாட்டம் நிக்குது.

4-3, சனி

ஷூ ரெண்டும் மதில் மேல காயுது. இவர் ஞாயித்துக்கிழமை வாரேன்னுட்டார். கேக்கவே இல்லை, தானா சொன்னார். எதுக்குங்கன்னா, "சும்மா, வேடிக்கை பாக்கலாம்னு." கல்யாணமாகி இத்தன வருசத்துல மைதானத்துப் பக்கம் தலை வெச்சதில்லை. மனசுக்குள்ள ஒரே குஷி. வெளிய காட்டிக்கல.

5-3, ஞாயிறு

வரிசையா எழுதறேன்.

காலையில இட்லி அவிச்சு வெச்சேன். எனக்கு ஒரு வாய் எறங்கல. காப்பியோட கெளம்பியாச்சு.

மைதானம் நெறைஞ்ச கூட்டம். பந்தல் நிழல் பெரியவங்களுக்கு மட்டும், நாங்க வெயில்ல. ஜெபா விடிகாலை ஆராதனை முடிச்சு கோயில்ல இருந்து நேரா ஓடி வந்தா. சாப்பிட்டயான்னு கேக்கோணும்னு நெனச்சேன். அதுக்குள்ள பேண்டு ஆரம்பிச்சுட்டாங்க.

கமாண்டர் ஐயா பேசினார், பேசினார், பேசிட்டே இருந்தார். அப்புறம் என் பேரு. நடந்து போய் முன்னால நின்னு சல்யூட். பக்கத்துல ஜெபா, தட்டுல பச்சை ரிப்பன். ஐயா ரிப்பனுக்குக் கை நீட்டறார்.

ஜெபா கொட்டாவி விட்டா.

பார்த்தேன். ஒதடு வெள்ளை. மேலுதட்டுல வேர்வை. கத்தல, சுத்தல. முட்டி மடங்குச்சு. தட்டு டங்குனு விழுந்துச்சு. நான் பாய்ஞ்சு தலையப் புடிச்சுட்டேன், மண்ணுல அடிபடல.

கூட்டம் மொத்தமும் கை தட்டுது! செயல்விளக்கம் ஆரம்பிச்சாச்சுன்னு நெனச்சுட்டாங்க. கமாண்டர் ஐயாவும் தட்டறார். சுமதி குழு கூப்பிடு தூரத்துல ஸ்ட்ரெச்சரோட வெறச்சு நிக்குது. கால் எடுக்கல. வாங்கடின்னு கத்தறேன், கைதட்டல்ல எங்க கேக்கும்? அப்பத்தான் ஒறச்சுது. விசில்! நான் போட்ட சட்டம்தான!

ஜெபா தலை ஒரு கையில, இன்னொரு கையில கயிற இழுத்து, கமாண்டர் மூஞ்சிக்கு நேரா ஊதினேன். அணிவகுப்புல அவர் முன்னாடி விசில் ஊதறது எவ்வளவு பெரிய தப்புன்னு எல்லாத்துக்கும் தெரியும். ஊதினேன்.

வந்தாங்க பாரு. என்ன வேகம்! காலத் தூக்கினது, பெல்ட், காத்து விடறது, ஸ்ட்ரெச்சர். ஒரு தப்பு இல்லை. நெசம்னு தெரியாமலே நெசமாச் செஞ்சுட்டாங்க.

நான் முட்டியெல்லாம் செம்மண்ணோட எந்திரிச்சேன். ஐயா குனிஞ்சு மெதுவா கேட்டார், "ஏனுங்கம்மா, இது நடிப்புங்களா?"

"நெசமுங்கய்யா."

தட்டிட்டு இருந்த கைய டக்குனு எறக்கிட்டார்.

ரிப்பன் எங்க? தட்டுல இல்லை. மண்ணுல இல்லை. நாலு பேரு தேடினாங்க. கெடைக்கல. தபால்ல அனுப்பிரலாம்னு பின்னாடி யாரோ சொன்னாங்க. ஆனா நிக்க நேரமில்லை, புள்ளையப் பாக்க முதலுதவிக் கூடாரத்துக்கு ஓடிட்டேன்.

ஜெபா முழிச்சிருந்தா. காலுக்கடியில ரெண்டு தலகாணி. சுமதி சர்க்கரைத் தண்ணி ஒவ்வொரு மடக்கா குடுத்துட்டிருக்கா, கண்ணெல்லாம் தண்ணி. "நெசம்னு தெரிலீங்கக்கா, நின்னுட்டேன்"ங்கறா. உன் தப்பு இல்ல சாமி, என் சட்டந்தான் தப்புன்னேன். பேசிட்டிருக்கறப்ப ஜெபா கைய நீட்டறா. இறுக்கி மூடின கை. தொறந்தா உள்ள பச்சை ரிப்பன், கசங்கி, வேர்வையில நனைஞ்சு.

மயங்கி விழறப்ப தட்ட விட்டவ இத விடல.

பின்னாடியே கமாண்டர் ஐயா கூடாரத்துக்குள்ள வந்து நிக்கறார். பார்த்தார். "கடைசியா சேர்ந்த புள்ளதான கொண்டாரோணும்? கொண்டாந்துட்டா"ன்னார். அங்கயே குத்தி விட்டார். பேண்டு இல்லை. சுமதி குழு அட்டென்ஷன்ல, ஜெபா படுத்தவாக்குல சல்யூட். அழுதுட்டேன். வெக்கமேயில்லாம அழுதேன்.

திரும்பினா கூடார வாசல்ல இவர். கையில தூக்குப் போசி. நான் விட்டுட்டு வந்த இட்லிய எடுத்துட்டு வந்திருக்கார். ஜெபா நாலு, நான் ஆறு.

6-3, திங்கள்

ரிப்பனத் தேய்க்கல. கசங்கலோடயே இருக்கட்டும். கம்பெனியில எல்லார்த்துக்கும் காட்டியாச்சு. ரெண்டு பேரு நல்ல நடிப்புன்னாங்க, நேத்து கூட்டத்துல இருந்தாங்களாம். மறுக்கல.

சாயங்காலம் விசில சுமதி கழுத்துல போட்டேன். புதுச் சட்டம்: விழுந்தா ஓடு, விசில் அப்புறம். அவ ஊதிப் பார்த்தா. ஜெபா ஒடனே நெத்தியில கை வெச்சு ஒரு சுத்து சுத்தி விழுந்தா. எல்லாம் ஓடுச்சு.

ஊட்டுக்கு வர்றப்ப மட்டும் கஷ்டமா இருந்துச்சு. ரிப்பன் வந்துருச்சு. புள்ளைங்க இங்க, நான் அங்க. இனி ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவேன்?

8-3, புதன்

மேகம் போட்டுச்சு, பெய்யல.

இவர் ஊடு பாக்க ஈரோடு போயிட்டு பொழுதோட வந்தார். ரெண்டு ரூம், தண்ணி வசதி, பரவால்ல. சாப்பிட்டுட்டே, "மண்டிக்கு எதுத்தாப்புல பள்ளிக்கூடம். அங்கயும் உங்க படைல ஒரு பிரிவு இருக்குதாமா. சொல்லிப்போட்டு வந்துட்டேன்"ங்கறார், ரசம் ஊத்துங்கற மாதிரி. நான் கரண்டியோட அப்படியே நிக்கறேன். என்ன சொன்னீங்கன்னா, "பதினஞ்சு வருச ரிப்பன்காரின்னு சொன்னேன். அந்தப் பிரிவுத் தலைவியம்மா எந்திரிச்சு நின்னு பேசறாங்க."

மே மாசம் அங்க அணிவகுப்பாம். யாரோ ஒரு அம்மாவுக்கு இருவது வருச ரிப்பன் குடுக்கறாங்களாம்.

அந்தப் பிரிவுல கடைசியா சேர்ந்தவ யாரு? நான்தான! தட்டு நான்தான் புடிக்கோணும்.

அன்னிக்குக் காலையில சாப்பிட்டுட்டுப் போகோணும்.