கார்க் கண்ணாடிக்கு உள்ளே

மார்ச் 3
கண்புரை எடுத்துப் பதினொரு நாள். வெயிலில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகக்கூடாதாம். மருமகள் போலராய்டு கண்ணாடி வாங்கி வந்தாள். விலைச்சீட்டு ஒட்டியிருந்த பசை அப்படியே இருந்தது. நானே துடைத்தேன்.

மார்ச் 5
மகன் மறுபடி கேட்டான். "தனியா இருந்து என்னம்மா பண்ணப் போறீங்க? எங்களோட வந்துடுங்க." ஞாயிறன்று சொல்வதாகச் சொன்னேன். அவர் போய் இரண்டு வருடம். யார் வீட்டிலும் போய் நிற்பவள் அல்ல நான். ஆனாலும் பெற்ற பிள்ளை கூப்பிடுகிறான். முகம் சுளிக்கப் போவது மருமகள்தான்.

மார்ச் 6
போகலாம். புடவைகளை எடுத்து அடுக்கினேன்.

மார்ச் 8, ஞாயிறு
மகனும் மருமகளும் வந்தார்கள். வருகிறேன் என்றேன். "ரொம்ப சந்தோஷம்மா." கையைப் பிடித்துக்கொண்டான்.

வழியனுப்ப வாசல் கேட்டுக்குப் போய், காருக்கு எதிரே நின்றேன். முன்கண்ணாடியில் வானம் பளபளத்தது. உள்ளே இருப்பது எனக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறான். சாய்ந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரும். போலராய்டு அதை மறித்துவிடும்; உள்ளே இருப்பது தெரியும். பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் நடத்திய பாடம். இவனும் என் வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தான். கவனித்தால்தானே!

விரலால் டாஷ்போர்டைத் தடவி, கண்ணருகே தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினான். நான் தூசி பார்ப்பதை நடித்துக் காட்டுகிறான். அச்சு அசல். பிறகு ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டான். மருமகள் சிரிக்கவில்லை. அவன் கையைத் தட்டிவிட்டு, என்னைக் காட்டி ஏதோ கெஞ்சினாள். அவன் உதடு தெளிவாகத் தெரிந்தது — முடியாது, முடியாது.

ஒரு தடவை பார்த்து முடிவுக்கு வரக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொன்னவள் நான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன்: வானம், எதிர்வீட்டுச் சுவர். மாட்டினேன்: என் மகன். மூன்று தடவை.

கார் என்னருகே வந்ததும் ஜன்னலை இறக்கினான். "வரோம்மா! உள்ள போங்க, வெயில்!" தேன் போலக் குரல்.

மார்ச் 9
நீயாடா? நீன்னு நெனைக்கலியே — அவதான்னு இல்ல நெனச்சேன். இத்தனை வருஷமா.

மார்ச் 10
வரவில்லை என்று போனில் சொன்னேன். "ஏம்மா?" என்றான். ஒரே ஒரு தடவை.

மார்ச் 14
மருமகள் தனியாக வந்தாள். உட்காராமல் நின்றாள்.

"ஏன் அத்தை வரமாட்டேன்னுட்டீங்க? நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"நீ இல்லை."

வேறு யார் என்று அவள் கேட்கவில்லை. வீட்டின் இரண்டாவது சாவியை அவளிடம் கொடுத்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "செவ்வாய்க்கிழமை வரேன்" என்றாள்.