கம்பளிச் சாக்ஸ்

ராஜபாளையம்,
ஈஸ்டர் முடிந்த வியாழன்.

அன்புள்ள அத்தானுக்கு,

ஜெபா எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் நானும் பாப்பாவும் சுகம். உங்கள் அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. போனில் பேசினால் மாமா காதில் விழும். தபாலில் போட்டால் நீங்கள் இருக்கும் மலைக்கு வந்துசேர நாளாகும். அதனால் இதை எழுதிப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

பெரிய வியாழன் பூசையில் ஃபாதர் பாதம் கழுவுவதற்கு அன்பியக் குழுவுக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேரை உட்காரவைப்பார்கள் அல்லவா? நம் தெரு அன்பியத்தில் சீட்டுக் குலுக்கியதில் இந்த வருஷம் மாமா பேர் வந்தது. இத்தனை காலம் கோயிலைக் கூட்டியவருக்கு, அசன விருந்து முடிந்து எச்சில் இலை அள்ளியவருக்கு, பீடத்துக்கு முன்னால் ஒரு நாற்காலி! மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. வேட்டிக்குக் கஞ்சி போடச் சொன்னார். கால் புண்ணுக்கு நான் மருந்து கட்டும்போது எப்போதும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அந்த வாரம் குனிந்து குனிந்து காலைப் பார்த்தார். “ஏம்மா, சாமியாரு தொடுத காலு, கொஞ்சம் நல்லாத் தொடச்சு விடு” என்றார்.

அந்தப் புண் எப்படி வந்தது என்று கோயிலில் எல்லாருக்கும் தெரியும். கோயிலில் கிறிஸ்துமஸ் குடிலைப் பிரிக்கும்போது குத்திய ஆணி. சர்க்கரைக் காலுக்கு வலி தெரியாமல் போய், இரண்டு விரலை எடுத்தார்கள்.

வியாழன் சாயங்காலம் கோயிலில் செம்பு, தாம்பாளம், துண்டுகளை எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவை ரத்தினம் அண்ணாச்சி வந்தார். “எம்மா, இந்தத் தடவை பூச லைவ்ல போகுது. துபாய்ல இருந்தெல்லாம் பாப்பாக. ஃபாதர் காலைக் கழுவி முத்தம் வேற குடுக்கணும். அந்தப் புண்ணப் பாத்தா கொமட்டாதா? நீயே மாமாட்ட பக்குவமாச் சொல்லிரு” என்றார். என்னால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவரே போய், “படியேறக் கஷ்டமா இருக்கும்ல பெரியவரே, செத்த நேரம் வெளிய காத்தாட இருங்க” என்று சொல்லிவிட்டார். மாமா கஞ்சி போட்ட வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். செருப்புக் கழற்றும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவருடைய நாற்காலியில் ரத்தினத்தின் மருமகன் உட்கார்ந்தான். சீ, எழுதும்போதே அருவருப்பாக இருக்கிறது. அத்தனை பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, பவுடர் பூசிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருத்தர் செண்டு வேறு. கழுவுவதற்கு அழுக்கு வேண்டாமா? தாம்பாளத்துத் தண்ணீர் குடிக்கிற தண்ணீர் மாதிரி கிடந்தது. துண்டு நீட்டிக்கொண்டே போன எனக்குத்தான் குமட்டியது. தினமும் மாமா புண்ணைக் கழுவுகிறேன், ஒருநாளும் எனக்குக் குமட்டியதில்லை அத்தான்.

அது முடிந்து மன்றாட்டு. ரத்தினம் மைக்கைப் பிடித்து, “உடல்நலக் குறைவால் இத்திருப்பலியில் பங்கேற்க இயலாத திரு. காசிராஜன் அவர்கள் விரைவில் நலம் பெற” என்று உருக்கமாக வாசித்தார். கோயில் மொத்தமும், “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது. பங்கேற்க இயலாத மனிதர் வெளியே ஸ்பீக்கருக்குக் கீழே, செருப்புகளுக்கு நடுவில் இருந்தார். அவரும் சேர்ந்து பதில் சொன்னாராம். வெளியே அவர் பக்கத்தில் நின்ற செல்லத்தாய் மதினி, “ஏட்டி, எனக்கு அழுகையே வந்திருச்சு” என்றாள். அழுது என்ன செய்ய? உள்ளே வந்து யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டாளா?

ஃபாதர் புதிதாக வந்தவர். மாமா காய்ச்சலில் படுத்திருப்பதாக அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பூசை முடிந்ததும் ஃபாதர் உடுப்பு மாற்றும் சக்ரீஸ்தியில் வைத்து எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். பாவம், மனுஷனுக்கு முகம் வெளிறிவிட்டது. மறுநாள் காலையிலேயே வீட்டுக்கு வந்து கட்டிலடியில் தரையில் உட்கார்ந்து, காலைக் காட்டுங்கள் என்று கெஞ்சினார். மாமா போர்வைக்குள் காலை இழுத்துக்கொண்டு, “நெசமாவே காய்ச்சல்தான் சாமி, ரத்தினம் பொய் சொல்லல” என்றார். அந்த ரத்தினம் ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக, போட்டோ எடுக்க ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார். வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டேன். கோபமென்றால் இருக்கட்டும்.

இப்போது கோயிலும் இல்லை, மருந்தும் இல்லை. நீங்கள் கொண்டுவந்து கொடுத்த பட்டாளத்துக் கம்பளிச் சாக்ஸைப் பெரிய வியாழன் ராத்திரி மாட்டியவர்தான். இந்தச் சித்திரை வெயிலில் படுக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. கிட்டே போனால், “நாத்தம்மா, பிள்ளையக் கூட்டிக்கிட்டு அங்கிட்டுப் போ” என்கிறார். ஒரு வாரமாகக் கட்டுப் பிரிக்கவில்லை. சாக்ஸைத் தாண்டி வாடை வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடம் நான் மட்டும் போய்க் கேட்டேன். உடனே கொண்டுவராவிட்டால் முழங்காலோடு எடுக்கவேண்டி வரும், உயிருக்கே ஆபத்து என்றார். ஆள் வைத்துத் தூக்கிப் போகலாம். நாலு பேர் நடுவில் அவரை இன்னொரு தடவை கேவலப்படுத்த எனக்கு மனசு வரவில்லை.

இதை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். தை மாத லீவில் நான் கட்டுப் பிரித்தபோது நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனீர்கள். மாமா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நேற்று நான் அழுது கெஞ்சியதற்கு, “பெத்த பிள்ளைக்கே தாங்கலம்மா, ஊர்க்காரன என்ன சொல்ல?” என்றார்.

அவசர லீவு கேட்டு உடனே வாருங்கள். வெந்நீர் நான் போட்டுத் தருகிறேன், ஆட்டோவும் சொல்லி வைக்கிறேன். சாக்ஸை நீங்கள்தான் கழற்ற வேண்டும். கழற்றும்போது அவர் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். முகத்தை மட்டும் திருப்பிவிடாதீர்கள் அத்தான்.

மாதா உங்களைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும்.

உங்கள்
ஜெபா