386-க்காக இன்னொரு வருஷம்

புக்கிட் பெலிம்பிங்,
6.8.1989

அன்பு மாமாவுக்கு,

அமராவதி எழுதுகிறேன். நானும் அத்தையும் சுகமாக இருக்கிறோம். கடல் தாண்டி மீரியில் நீங்களும் காய்ச்சல், தலைவலி என்று படுக்காமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

உங்கள் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் இரண்டரைப் பக்கம் கம்ப்யூட்டர். மிச்ச அரைப் பக்கத்தில் அத்தையின் முழங்கால், ஒழுகுகிற கூரை, கடைசியில் நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்கு ஒரு வரி. அந்த ஒரு வரியாவது வந்ததே என்று அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டேன்.

நீங்கள் எழுதியது எனக்குப் புரிந்திருக்கிறதா பாருங்கள். கம்ப்யூட்டருக்கு மூளை அந்தப் புராசசர்தான். 286 வாங்கினால் இரண்டு வருஷத்தில் புதுப்புது கேம் எல்லாம் அதில் நொண்டும். அப்போது மூளையை மட்டும் மாற்ற முடியாது, உள்ளே இருக்கிற பெரிய போர்டையே கழற்றிப் போடவேண்டும். 386 வாங்கிவிட்டால் பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை. நம் கையில் இருப்பது 286-க்குத்தான் காணும். அதனால் அடுத்த மாதம் முடிகிற வேலைக் காண்ட்ராக்டை இன்னொரு வருஷம் நீட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்கிறீர்கள். வீட்டில் கேட்டுவிட்டு மாதக் கடைசிக்குள் பதில் சொல்வதாகச் சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறீர்களாம். கேட்கவேண்டும் என்று தோன்றியதே, அதுவரைக்கும் புண்ணியம்.

பக்கத்து வீட்டு இராஜம்மா அக்காவிடம் வாய்தவறி இதைச் சொல்லிவிட்டேன். புருஷனும் பெண்டாட்டியும் விளையாடுவதற்கா அவ்வளவு டுயிட் செலவழிப்பது, பிள்ளைக்குட்டி இருக்கிற வீடென்றாலும் பரவாயில்லை என்றார். அவருக்கு என்ன தெரியும்? கல்யாணமாகி ஏழு வருஷமாக எந்த விசேஷத்துக்குப் போனாலும் வயிற்றைத்தானே முதலில் பார்க்கிறார்கள். ரவாங்கில் என் தம்பி சேது வீட்டில் மட்டும்தான் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், அவனுடைய பழைய கம்ப்யூட்டர் முன்னால் ஒரே ஸ்டூலில் நாம் இருவரும் இடித்துக்கொண்டு உட்காருவோமே, நான் வாய்விட்டுச் சிரித்ததெல்லாம் அங்கேதான். அதனால் அந்தப் பெட்டி மேல் உங்களுக்கு இருக்கிற ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கும் ஆசைதான்.

அதற்காகவே போன சனிக்கிழமை சேதுவைக் கூட்டிக்கொண்டு கோலாலம்பூர் போனேன். கடைக்காரச் சீனப் பையன் 286-ஐயும் 386-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கேமைப் போட்டுக் காட்டினான். பொய் சொல்லமாட்டேன் மாமா, 386 பறக்கத்தான் செய்கிறது. நீங்கள் சொன்னது சரி. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். இதற்கு மேலே இனி ஒன்றும் வராதா தம்பி என்று அந்தப் பையனிடம் மலாயில் கேட்டேன். அவன் சிரித்துவிட்டான். 486 வந்துவிட்டது லா, அடுத்த வருஷம் இந்தக் கடைக்கே வரும் என்றான். அதற்கு அப்புறம் என்று கேட்டேன். அதற்கு அப்புறம் இன்னொன்று வரும், வந்துகொண்டேதான் இருக்கும் என்றான். சேதுவும் சேர்ந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் ஒரு வருஷம் கழித்து 386-ஐ வாங்க வரும்போது அதுவும் பழசாகியிருக்கும். அப்போது 486-க்காக இன்னொரு வருஷம் இருந்துவிட்டு வருகிறேன் என்று எழுதினால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த நிமிஷமே 286-ஐக் கட்டச் சொல்லிவிட்டேன். ஆமாம், வாங்கிவிட்டேன். கோபம் வரும், தெரியும். கோபத்தைக் கடிதத்தில் எழுதாதீர்கள், நேரில் வந்து கோபித்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வந்த அன்று அத்தை வாசலிலேயே நிறுத்தி ஆலாத்தி சுற்றித்தான் உள்ளே விட்டார். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துத்தான் திறக்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரி என்று இருந்தோம். வெள்ளிக்கிழமை நான் குளித்துவிட்டு வருவதற்குள் டிவி மாதிரி இருக்கிறதே அதற்கும், கீபோர்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். அதோடு விட்டாரா? சேது கேம் பதிந்து கொடுத்த பிளாப்பிகளை உறையிலிருந்து எடுத்து, நடுவே திறப்பில் தெரிகிற கறுப்புத் தகட்டில் ஈரச் சந்தனத்தைத் தொட்டுப் பொட்டு வைத்திருக்கிறார். சேது வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். உங்களுக்குப் பிடித்த விமான கேம் போயே போய்விட்டது. உசுரு உள்ள இருக்கிற எடத்துலதானே பொட்டு வைக்கணும் என்று அத்தை அழுதே விட்டார். நீங்கள் வந்து வேறு வாங்கிக்கொள்வீர்கள் என்று சொல்லித்தான் சாப்பிட வைத்தேன். அவரிடம் எதுவும் கேட்டுவிடாதீர்கள், பாவம்.

உங்கள் கடிதத்தை அவருக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். 286, 386 எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “பொட்டி வேகமா ஓடுனா என்னா, மெதுவா ஓடுனா என்னா? எம்புள்ள எப்ப வருவான்னு கேட்டு எழுதும்மா.” கேட்டு எழுதிவிட்டேன்.

இன்னொன்று. கிள்ளானில் பார்த்த டாக்டரம்மா இருவரும் சேர்ந்து வந்தால்தான் மேற்கொண்டு எதுவும் பார்க்க முடியும் என்று சொன்னதை எழுதியிருந்தேன். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வோம் என்று போன வருஷம் பதில் போட்டீர்கள். வருகிற தை மாதம் எனக்கு முப்பத்துநான்கு முடிகிறது. என்னைக் கழற்றி வேறு போர்டு மாட்ட முடியாது மாமா. இதைக் குத்திக் காட்டுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

சேதுவின் தோள்பையில் இருந்ததால் ஒரே ஒரு கேம் தப்பித்தது. டென்னிஸ். இருவர் ஆடுவது. இடப்பக்கத்து ஆள் நான், வலப்பக்கத்து ஆள் நீங்கள். நேற்று வேலை முடிந்து வந்து போட்டுப் பார்த்தேன். நான் பந்து போடப் போட உங்கள் ஆள் அசையாமல் நிற்கிறார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது உங்களை ஜெயித்திருக்கிறேனா? நேற்று முதல் செட்டில் நான் பந்து போடுகிற முறை ஒரு நிமிஷத்தில் முடிந்து நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்து என்ன செய்ய? அடுத்தது நீங்கள் பந்து போடவேண்டும். உங்கள் ஆள் கோட்டுக்கு வந்து பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நிற்கிறார். உங்கள் பக்கத்துப் பட்டனை நானே அழுத்தினால் அவர் போட்டுவிடுவார். எனக்கு அழுத்த மனம் வரவில்லை. அத்தை சாப்பிடக் கூப்பிடுகிறவரைக்கும் அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சூப்பர்வைசரிடம் வீட்டில் கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டாள் என்று சொல்லுங்கள். பழியை என் மேலேயே போடுங்கள். அம்மன் துணையிருப்பாள், பத்திரமாகக் கிளம்பி வாருங்கள். அந்தப் பந்தை நீங்களே வந்து போடுங்கள்.

உங்கள்
அமராவதி