தைத்து வைத்த கடைசி அத்தியாயம்

இதனால் அக்கா அவர்களுக்கும் அத்தான் அவர்களுக்கும், முன்பல் விழுந்து காற்றாகப் பேசும் குட்டி அவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டுக் குளியலறைக் குழாய் சொட்டுவதை நிறுத்திவிட்டது. பழுது பார்த்த பெருமை இக்கடிதத்தை எழுதும் கையையே சேரும். (அதையாடா முதல்ல எழுதுவாங்க என்று அம்மா என் தலையில் ஒரு தட்டு. கண் அறுவை நல்லபடியாக முடிந்து, ஒரு கண்ணில் மூடியோடு உட்கார்ந்திருக்கிறார். படிக்காதே, குனியாதே, ஊசியைத் தொடாதே என்று டாக்டர் உத்தரவு. ஆகவே அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். இனி அடைப்புக்குறிக்குள் இருப்பது உன் தம்பியின் சரக்கு, வெளியே இருப்பது அம்மாவின் சரக்கு. கலப்படம் கிடையாது.)

அன்புள்ள மகளுக்கு, அம்மா சொல்லி எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் தினமும் காலையில் அடுப்பைப் பற்ற வைக்கிறேன். போனில் பேசலாமே என்பாய். போனில் நீ சாப்பிட்டியாம்மா, மருந்து போட்டியாம்மா என்று இரண்டு கேள்வி கேட்பாய், மீட்டிங் இருக்கு என்று வைத்துவிடுவாய். அப்பா பேச்சு வரப்போகிறது என்று தெரிந்தால் அதற்கும் முன்னாலேயே வைத்துவிடுவாய். எனக்குத் தெரியாதா. அதனால்தான் எழுதச் சொன்னேன், கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது. (மேசை மேல் வைக்கலாமே என்றேன். இரண்டாவது தட்டு.)

குட்டிக்கென்று நீ கேட்ட துப்பறியும் கதைப் புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கியாயிற்று. இறக்கியவன் இவன், தும்மியது அக்கம்பக்கம் எல்லாம். அட்டை வெளுத்து, ஓரமெல்லாம் பூச்சி அரித்து, தாள் பழுத்துப்போய் இருக்கிறது, ஆனால் பக்கம் ஒன்றும் குறையவில்லை. சிவப்பு அட்டைப் புத்தகத்தில் போலீஸ்காரருக்கு நீ போட்ட மீசை அப்படியே இருக்கிறது. முதல் பக்கங்களில் யார் யாரோ வீட்டுப் பிள்ளைகளின் கோணல் கையெழுத்தும் இருக்கிறது. சின்ன வயதில் நீ அதைத் தடவிப் பார்த்து, இந்தப் பிள்ளை புத்தகத்தை ரயிலில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அழுதிருக்குமா என்று கேட்பாய். அப்பா சொல்வார், அழுதுட்டு நேரா நம்ம கவுண்டருக்கு வந்திருக்கலாம்ல, ஒரு வருஷம் எடுத்து வெச்சுக்கிட்டுக் காத்திருந்தேனே என்று. ரயில் நிலையத்துத் தொலைந்த பொருள் கவுண்டரில் அந்த மனுஷன் உட்கார்ந்த காலமெல்லாம், யாரும் கேட்டு வராததை ஊழியர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று வருஷக் கடைசியில் சொல்வார்கள். மற்றவர்கள் நல்ல குடையாகப் பார்த்து எடுப்பார்கள், பெட்டியாகப் பார்த்து எடுப்பார்கள். இவர் மழையில் நனைந்தபடி கதைப் புத்தகத்தோடு வருவார். (சட்டைக்குள் வைத்து. புத்தகம் நனையாது, ஆள் நனைவார்.)

இப்போது குட்டிக்கு எப்படிப் படித்துக் காட்டுவது என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். மொத்தமாக அவள் கையில் கொடுத்துவிடாதே. தமிழை அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் திருடன் கிழவனாகிவிடுவான். நீ வாய்விட்டுப் படி, ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம், அதுவும் நாய் குரைக்கிற இடத்தில், விளக்கு அணைகிற இடத்தில் நிறுத்து. போன வாரம் போனில் குட்டி என்னிடம், எதுக்குப் பாட்டி காத்திருக்கணும், கடைசியில என்னன்னு நெட்ல தேடினா வந்துடுமே என்றாள். இந்தக் கதையெல்லாம் அதுல வராதுடி தங்கம், இது உங்க தாத்தாவோட அலமாரியில மட்டும்தான் இருந்தது என்றேன். அவள் அம்மாவுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாள். நீயும் முதல் பக்கத்துக்கு முன்னால் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, எனக்கு அப்பவே தெரியும் என்று உட்கார்ந்திருந்தவள்தானே. அது பொறுக்காமல்தான் நான் யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியிலிருந்து வந்த கையோடு கடைசி அத்தியாயத்தின் ஓரத்தைச் சேர்த்துப் பிடித்து ஓட்டுத் தையல் போட்டேன். யார் திருடன் என்று ஒவ்வொருவரும் என் காதில் வந்து சொல்ல வேண்டும், எல்லாரும் சொன்ன பிறகுதான் நூலை வெட்டுவேன். அதையே நீயும் செய். ஊசியும் வெள்ளை நூல்கண்டும் பார்சலில் இருக்கிறது. நெருக்கித் தைக்காதே, தாள் கிழியும்.

உன் அப்பா ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. எந்தக் கதையானாலும் என் காதில் அவர் சொல்வது ஒன்றுதான், யாரும் எடுத்திருக்க மாட்டாங்க, எங்கேயாவது விழுந்து கிடக்கும். கவுண்டரில் கத்திக் கத்தி அவர் குசுகுசுப்பும் தெருமுனை வரைக்கும் கேட்கும், நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். திருடனே இல்லாமல் எப்படிப்பா துப்பறியும் கதை எழுதுவாங்க என்று நீ சண்டைக்குப் போவாய். அவர் என்ன செய்வார், திருட்டுப் போச்சு திருட்டுப் போச்சு என்று கவுண்டரில் வந்து மேசையை அடித்தவர்களுக்கெல்லாம் பின்னால் அலமாரியிலிருந்து அவர்கள் பையை எடுத்துக் கொடுத்தவர். யார் மேலும் சந்தேகப்பட வராது அவருக்கு. இப்போது இவன் எனக்குப் படித்துக் காட்டுகிறான், திருடன் பேசுகிற இடம் வந்தால் அப்பா மாதிரியே தொண்டையைச் செருமிக்கொள்கிறான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. (சளி அம்மா என்றேன். இந்த முறை தட்டவில்லை.)

எல்லாப் புத்தகமும் பார்சலில் வரும், ஒன்று மட்டும் வராது. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று கடைசியாகக் கொண்டுவந்தாரே, அணைக்கட்டு விடுதிக் கதை, அது. மூன்று வருஷத்துக்கு முன் நீ லீவில் வந்தபோது குட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்பா படித்தார். விடுதிக்காரம்மாவின் வெள்ளிக் கடிகாரம் காணாமல் போகும். சந்தேகம் மூன்று பேர் மேல், சமையல்காரர், படகோட்டி, தங்க வந்த பேராசிரியர். அப்பாவும் இவனும் குட்டியும் என் காதில் சொல்லிவிட்டார்கள், நீ சொல்வதற்குள் ஆபீசில் கூப்பிட்டுவிட்டார்கள், கிளம்பிவிட்டாய். நாம வெட்டிடலாம் என்றதற்கு அப்பா விடவில்லை, அவ வரட்டும், எங்க போயிடப் போறா என்றார். (இந்த இடத்தில் ஒரு விளம்பரம். அந்தக் கேஸை நான் எப்போதோ முடித்துவிட்டேன். பேராசிரியர்தான். இவ்வளவு படித்த மனுஷன் மணி கேட்கும்போதெல்லாம் ஜன்னலைப் பார்ப்பானேன்? நூலைத் தொடாமலே நூலை முடித்தவன் உன் தம்பி.)

அவர் போனபோது உன்னால் வந்து சேர முடியவில்லை. அதற்காக நான் உன்னை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை, நீதான் உன்னைச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அப்புறம் லீவு கிடைத்தும் நீ வரவில்லை. அவர் இல்லாத கூடத்துக்குள் எப்படிக் காலெடுத்து வைப்பது என்று நினைக்கிறாய் போலிருக்கிறது. நாங்கள் தினமும் வைக்கிறோமடி, பழகவில்லைதான், ஆனால் வைக்கிறோம். அவர் காதில் சொன்ன பதில் என்னிடம் இருக்கிறது. அது சரியா தப்பா என்று தெரியாமல், அவர் போன இந்த ஒரு வருஷமாகப் படுத்து எழுந்துகொண்டிருக்கிறேன். தப்பாகவே இருக்கட்டும், எல்லாரும் சேர்ந்து சிரிக்க வேண்டும். தனியாக வெட்டிவிட்டு நான் மட்டும் சிரிக்க மாட்டேன். அந்தப் புத்தகம் என் தையல் மெஷின் மூடி மேல்தான் இருக்கிறது. போனில் சொன்னால் செல்லாது, விதி விதிதான், காதில் வந்து சொல்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நின்றுகொண்டே சாப்பிடாதே. குட்டியின் விழுந்த பல்லைப் பத்திரமாக வை, பார்க்க வேண்டும். நீங்கள் மூவரும் ஒரு குறையுமில்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். வருகிற தேதியை முன்னாலேயே சொல், மெத்தையை வெயிலில் போட வேண்டும். இன்னொன்று, முடிச்சுப் போடத் தெரியாதவன் தையலைப் பிரிக்கக் கூடாது.

உன் பதிலுக்குக் காதைத் தீட்டி வைத்திருக்கும்
அம்மா

(கையெழுத்து அம்மாவே போட்டது, ஒற்றைக் கண்ணோடு, அதனால்தான் மலையேறுகிறது. முடிச்சு பற்றிய அந்த வரி யாருக்கு என்று கேட்டேன். எழுதுடா, அது யாருக்கோ அவனுக்குப் புரியும் என்றுவிட்டுப் படுக்கப் போய்விட்டார். புரிந்தது. அம்மாவை அறுவைக்கு உள்ளே கூட்டிப் போனபோது நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். அப்பாவும் அப்படி ஒரு கதவுக்குள்தான் போனார். பையில் அந்தப் புத்தகத்தை எடுத்துப் போயிருந்தேன், ஏனென்று கேட்காதே. தையலைப் பிரித்துப் படித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அதே நூலில் திரும்பத் தைத்தேன், முடிச்சு கரப்பான்பூச்சி அளவுக்கு வந்தது. கண்ணை மூடியிருந்தால் என்ன, அம்மாவுக்கு விரல் இருக்கிறதே. ஆனால் உள்ளே என்ன இருந்தது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை அக்கா. மேலே அம்மா காதுக்காக நான் அடித்த தம்பட்டத்தை அடித்துவிடு. பேராசிரியர் இல்லை. படகோட்டியும் இல்லை, சமையல்காரரும் இல்லை. பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் ஏம்ப்பா அழற, உள்ள யாரு என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். குழாயும் நேற்றிலிருந்து மறுபடி சொட்டுகிறது. நீ வா. வரும்போது உன் பதிலை நீயே யோசித்துக்கொண்டு வா, இந்த ஒரு தடவை அப்பாவைப் பார்த்துக் காப்பி அடிக்காதே.)